டிராக்டர் முதலாளியும் கம்பெனிக் காவல்படையும்

கரிசல் பக்கம் ஒரு கிராமத்தில் மண் பரிசோதனை முகாம் முடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பழைய ஃபோர்டு 3600 டிராக்டர், கலப்பை மாட்டியபடி நின்றது. எழுபது வயதைத் தாண்டிய சம்சாரி ஒருவர் அதைக் காட்டிக் கேட்டார்.

"சார், இந்த ஃபோர்டுங்கிறவரு நம்மளை மாதிரி விவசாயி வீட்டுப் பிள்ளைதானாமே? ஏழைக்கு ஏத்த விலையில காரு, டிராக்டரு எல்லாம் செஞ்சு குடுத்தவராம். அந்த மாதிரி ஆளு கையில நாட்டைக் குடுத்தா, விவசாயி பொழச்சுக்குவான்ல?"

நல்ல கேள்வி. அமெரிக்க விவசாயிகளே நூறு வருடத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்டார்கள். அதற்கு அங்கே என்ன விடை கிடைத்தது என்பதை அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது, ஜீப் வந்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

ஹென்றி ஃபோர்டு 1863-ம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். குதிரை பூட்டி உழுகிற வேலை அவருக்குச் சின்ன வயதிலேயே பிடிக்கவில்லை. 16 வயதில் டெட்ராய்ட் நகரத்துப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போனார். 1903-ல் ஃபோர்டு கம்பெனி. 1908-ல் 'மாடல் டி' கார். அந்தக் கார் கிராமத்து மண் ரோட்டில் ஓடியது. உடைந்தால் விவசாயியே ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும்கூடப் பயன்படுத்தினார்கள்.

1914-ல் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அதுவரை கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். உலகமே வாயைப் பிளந்தது. 1917-ல் 'ஃபோர்ட்சன்' டிராக்டர் வந்தது. 1922-ல் அதன் விலையை 395 டாலருக்கு இறக்கினார். கலப்பை எதிலாவது மாட்டிக்கொண்டால் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஆளைக் கொல்லும் குறை அந்த வண்டிக்கு இருந்தது. ஆனாலும் பல லட்சம் சிறு விவசாயிகள் முதன்முதலில் வாங்கிய டிராக்டர் அதுதான். இதையெல்லாம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் செய்த நல்லதை நல்லது என்றே சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

அந்த 5 டாலரில் ஒரு பாதி சம்பளம். மறு பாதி, 'ஒழுங்காக வாழ்பவருக்கு' மட்டும் கிடைக்கும் லாபப் பங்கு. ஒழுங்காக வாழ்கிறாரா என்று பார்க்க, கம்பெனி ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வருவார்கள். குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமா, எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுவார்கள். பிறகு வந்த பெரிய கதைக்கு முன்னோட்டம் இதுதான்.

நாற்காலி ஆசை

1916-ல் மிச்சிகன் மாநிலத்தில், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளருக்கான முதல்கட்டத் தேர்தலில் ஃபோர்டு ஜெயித்தார். ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை. 1918-ல் ஜனாதிபதி வில்சன் கேட்டுக்கொண்டதால் செனட் சபைக்குப் போட்டியிட்டார். எதிரே நின்ற ட்ரூமன் நியூபெரியும் பெரும் பணக்காரர். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் ஃபோர்டு தோற்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. நியூபெரி சட்ட வரம்பைத் தாண்டிச் செலவு செய்தார் என்று நிரூபிக்கத் தன் செலவில் துப்பறிவாளர்களை இறக்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தண்டனை ரத்தானது. ஆனாலும் நியூபெரி 1922-ல் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

அதே சமயத்தில் ஊருக்கு ஊர் 'ஃபோர்டு ஜனாதிபதி ஆகவேண்டும்' என்று சங்கங்கள் முளைத்தன. 1923-ல் 'கோலியர்ஸ்' என்ற வார இதழ் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, பதவியில் இருந்த ஜனாதிபதி ஹார்டிங்கைவிட ஃபோர்டு முன்னால் இருந்தார். அந்த ஆதரவில் பெரும்பங்கு கிராமத்து மக்களுடையது.

பாதி விலையில் உரம்

விவசாயிகள் அவர் பின்னால் போனதற்கு ஒரு பெரிய காரணம் உரம்.

முதல் உலகப்போரின்போது வெடிமருந்துக்கு நைட்ரஜன் தேவைப்பட்டது. அமெரிக்க அரசு அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் மஸ்ஸல் ஷோல்ஸ் என்ற இடத்தில் நைட்ரேட் தொழிற்சாலைகளையும், மின்சாரத்துக்கு ஓர் அணையையும் கட்ட ஆரம்பித்தது. வேலை முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. வெடிமருந்துக்கும் உரத்துக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதே ஆலையில் உரம் செய்யலாம்.

1921 ஜூலையில் ஃபோர்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். ஆலைகளை 50 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன். அணையை அரசு கட்டி முடித்து 100 வருடக் குத்தகைக்குத் தரட்டும். உரத்தில் 8 சதவிகிதத்துக்கு மேல் லாபம் எடுக்கமாட்டேன். உரம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று அவர் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது. 75 மைல் நீளத்துக்கு ஒரு புது நகரமே வரப்போகிறது என்றார்கள். வெறும் பருத்திக் காட்டில் மனைக்கல் நட்டு, வெளியூர்க்காரர்களுக்குத் தபாலிலேயே விற்றார்கள். பெரிய விவசாய அமைப்புகளும் ஃபோர்டுக்கே கொடுங்கள் என்று அரசை நெருக்கின.

இதை எதிர்த்து நின்றவர் செனட் சபை வேளாண் குழுவின் தலைவர் ஜார்ஜ் நாரிஸ். நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். இவரும் பண்ணையில் பிறந்தவர்தான். சின்ன வயதில் தந்தையை இழந்து, வயலில் வேலை செய்து வளர்ந்தவர். அவர் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்தார். அவர் எழுப்பிய கேள்விகள் நமக்கும் புரிகிறவை.

ஆலைகளுக்கு அரசு போட்ட பணம் சுமார் 8 கோடி டாலர். அதை 50 லட்சத்துக்கு ஏன் தர வேண்டும்? லாப வரம்பு உரத்துக்குத்தானே இருக்கிறது. அணையில் மிஞ்சுகிற மின்சாரத்தை அவர் என்ன செய்தாலும் கேட்க முடியுமா? ஆறு மக்களுடையது. 100 வருடம் என்றால், கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கமாட்டார்கள், அவர்கள் பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள். பேரன் யாரிடம் போய்க் கேட்பான்?

நாரிஸை விவசாயிகளின் எதிரி என்று விவசாயிகளே திட்டினார்கள். 1923 டிசம்பரில் ஃபோர்டு, புதிய ஜனாதிபதி கூலிட்ஜை ஆதரிப்பதாக அறிவித்துப் போட்டியிலிருந்து விலகினார். மஸ்ஸல் ஷோல்ஸுக்காக நடந்த பேரம் இது என்று நாரிஸ் சந்தேகம் கிளப்பினார். பேரம் நடந்ததாக நிரூபணம் ஆகவில்லை. 1924 மார்ச்சில் கீழ்சபை ஃபோர்டுக்குச் சாதகமாக மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் நாரிஸ் அதை நகரவிடவில்லை. அந்த அக்டோபரில் ஃபோர்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1933-ல் அந்த அணையும் ஆலைகளும் டி.வி.ஏ. என்ற டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் கைக்கு, அதாவது பொதுத் துறைக்கு வந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் போனது. மஸ்ஸல் ஷோல்ஸ் உலகின் முக்கியமான உர ஆராய்ச்சி நிலையமாக மாறியது. இன்று நீங்கள் மூட்டையில் வாங்கும் குருணை டி.ஏ.பி. செய்கிற முறையையும், கந்தகம் பூசிய யூரியாவையும் வளர்த்தெடுத்தவர்கள் அங்கே இருந்த விஞ்ஞானிகள். அந்த ஆய்வின் பலன் ஒரு கம்பெனிக்குள் அடைபடாமல் உலகம் முழுக்கப் போனது. இதற்கும் ஒரு விலை இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. டி.வி.ஏ. கட்டிய அணைகளுக்காக ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போக நேர்ந்தது.

கூட்டுறவின் மேல் பாய்ந்த பத்திரிகை

ஃபோர்டு சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். பெயர் 'டியர்பார்ன் இன்டிபென்டன்ட்'. கார் விற்கிற ஏஜென்ட்டுகள் தலையில் சந்தா சேர்க்கும் வேலையும் கட்டப்பட்டது. நாட்டில் எது நடந்தாலும் யூதர்களின் சதி என்று அந்தப் பத்திரிகை வருடக்கணக்கில் விஷம் கக்கியது.

அப்போது ஆரன் சபிரோ என்ற யூத வழக்கறிஞர், விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தனித்தனியாக விற்றால் வியாபாரி வைத்ததுதான் விலை. சேர்ந்து விற்றால் நாமும் விலை பேசலாம் என்பது அவர் வழி. 1924-ல் ஃபோர்டின் பத்திரிகை அவர் மேல் பாய்ந்தது. விவசாயிகளை யூதர்கள் வளைத்துப் பிடிக்கிறார்கள் என்று தொடர் எழுதியது. சபிரோ 10 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

1927-ல் விசாரணை. ஃபோர்டின் ஆட்கள் ஜூரியில் இருந்தவர்களை வேவு பார்த்து, ஒரு பெண் உறுப்பினர் மேல் புகார் மனுக்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தப் பெண் கோபத்தில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க, விசாரணை செல்லாது என்று ஆனது. மறு விசாரணை வருவதற்குள் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு வழக்கை முடித்துக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் பத்திரிகையும் நின்றது.

'சேவைத் துறை'

அந்த வேவு ஆட்கள் யார்? ஃபோர்டின் பெரிய ஆலை டியர்பார்னில் ரூஜ் ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே 'சேவைத் துறை' என்று ஒரு பிரிவு. பெயரைக் கேட்டால் ஏதோ உதவி செய்கிற இடம் மாதிரி இருக்கும். அது கம்பெனியின் சொந்தக் காவல்படை. தலைவர் ஹாரி பென்னட், முன்னாள் கடற்படைக்காரர், குத்துச்சண்டை வீரர். ஃபோர்டுக்கு மட்டும்தான் பதில் சொல்வார். மல்யுத்தக்காரர்கள், வேலை போன போலீஸ்காரர்கள், ஜெயிலிலிருந்து வந்தவர்கள் என்று ஆள் சேர்த்தார். 1930-களில் சுமார் 3,000 பேர்.

வேலை நேரத்தில் பக்கத்து ஆளிடம் பேசக்கூடாது. உதடு அசையாமல் பேசத் தொழிலாளிகள் பழகிக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் போனால் பின்னாலேயே ஒருவர் வருவார். சங்கம் என்ற வார்த்தையைச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. எந்த ஆள் வேவு ஆள் என்று தெரியாததால், எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள்.

ஆலைக்கு வெளியேயும் இந்தக் கை நீண்டது. டியர்பார்ன் நகர மேயர் ஃபோர்டின் உறவினர். நகரப் போலீஸ் தலைவர், முன்பு சேவைத் துறையில் வேலை பார்த்தவர். ஒரு தகராறு வந்தால் ஜனங்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

1932 மார்ச் 7. பொருளாதார வீழ்ச்சியில் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்திருந்த காலம். 3,000 பேருக்கு மேல், வேலை கேட்டும் வேவு பார்ப்பதை நிறுத்தச் சொல்லியும், உறையும் குளிரில் டெட்ராய்ட்டிலிருந்து ரூஜ் ஆலைக்கு நடந்தார்கள். டெட்ராய்ட் எல்லைக்குள் போலீஸ் தடுக்கவில்லை. ஊர்வலம் அமைதியாகப் போனது. டியர்பார்ன் எல்லையைத் தாண்டியதும் கண்ணீர்ப்புகை. மக்கள் கல்லெடுத்து எறிந்தார்கள். ஆலை வாசலில் ஐஸ் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், பிறகு துப்பாக்கிச்சூடு. சுட்டவர்களில் நகரப் போலீசும் இருந்தது, கம்பெனி ஆட்களும் இருந்தார்கள். 4 பேர் செத்தார்கள். ஒரு பையனுக்கு 16 வயது. ஐந்தாவது ஆள் காயத்தால் பிறகு இறந்தார். இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

1937 மே 26. சங்கம் வைக்கும் உரிமையை 1935-லேயே சட்டம் கொடுத்துவிட்டது. ரூஜ் ஆலையின் நடைபாலத்தில் நோட்டீஸ் கொடுக்க வால்டர் ராய்தரும் மற்ற சங்கத் தலைவர்களும் வந்தார்கள். சேவைத் துறை ஆட்கள் அவர்களைச் சூழ்ந்து அடித்துப் படிக்கட்டில் உருட்டினார்கள். நோட்டீஸ் கொடுக்க வந்த பெண்களையும் விடவில்லை. பத்திரிகைக்காரர்களின் கேமராக்களைப் பிடுங்கினார்கள். ஒரு புகைப்படக்காரர் மட்டும் எடுத்த பிளேட்டுகளைக் காருக்குள் மறைத்து, வெற்றுப் பிளேட்டுகளைக் கொடுத்துத் தப்பினார். மறுநாள் படங்கள் வந்ததும், கம்பெனி சொன்ன கதை பொய்யானது. 1941-ல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. சங்கமே வேண்டாம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தவர்கள், ஓட்டுப்பெட்டி கிடைத்ததும் பேசினார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தால்

படை வைத்திருந்தவர் வீட்டையும் அந்தப் படை விட்டுவைக்கவில்லை. பெயருக்குக் கம்பெனித் தலைவராக இருந்தவர் ஃபோர்டின் ஒரே மகன் எட்செல். நடைமுறையில் பென்னட்டின் பேச்சுக்குத்தான் மதிப்பு. எட்செல் 1943-ல் 49 வயதில் நோயில் இறந்தார். அவர் மனைவியும், ஃபோர்டின் மனைவி கிளாராவும் நெருக்கடி கொடுத்த பிறகுதான், 1945-ல் பேரன் கையில் பொறுப்பு வந்தது. பேரன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பென்னட்டை வீட்டுக்கு அனுப்பியது. 1947 ஏப்ரலில் ஃபோர்டு இறந்தார். அன்று ரூஜ் ஆற்றில் வெள்ளம் வந்து, வீட்டுக்கு மின்சாரம் கொடுத்த நிலையம் நின்றுபோயிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் அவர் உயிர் போனது.

பெட்டிச் செய்தி: காட்டுக்குள் ஒரு ரப்பர் தோட்டம்

டயருக்குச் சொந்த ரப்பர் வேண்டும் என்று 1920-களின் கடைசியில் ஃபோர்டு, பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் சுமார் 25 லட்சம் ஏக்கர் வாங்கினார். பெயர் 'ஃபோர்ட்லாண்டியா'. ரப்பர் சாகுபடி தெரிந்தவர்களைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்தார்கள். காட்டில் ரப்பர் மரம் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். இவர்கள் நெருக்கி நட்டார்கள். அந்த மண்ணுக்கே உரிய இலைக்கருகல் பூஞ்சணம் மரத்துக்கு மரம் தாவித் தோட்டத்தை மொட்டையாக்கியது. 1945-ல் கிட்டத்தட்ட 2 கோடி டாலர் நஷ்டத்தோடு விட்டுவிட்டு வந்தார்கள். அந்த நோய் நம் நாட்டுக்கு இன்னும் வரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து செடி, விதை எதையும் சோதனை இல்லாமல் கொண்டுவரக்கூடாது என்று குமரி மாவட்ட ரப்பர் விவசாயிகளிடம் சொல்வது இதனால்தான்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேப்பமரத்தடியில் இருந்த ஓர் அம்மா குறுக்கிட்டார். "சார், என் மகனும் மில்லுல செக்யூரிட்டியாத்தான் இருக்கான். அவனும் இந்த மாதிரியா?" என்றார். முகம் வாடிவிட்டது.

இல்லை அம்மா. மழை பொய்த்த வருடங்களில் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற வேலைகளில் அதுவும் ஒன்று. கேட்டைக் காப்பதும், பொருளைக் காப்பதும் நேர்மையான வேலை. நம் நாட்டில் இதற்கென்று 2005-ல் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்துக்கு லைசென்ஸ் வேண்டும். காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. போலீஸ், ராணுவ உடை மாதிரி உடுத்துவது தண்டனைக்குரிய குற்றம். மகன் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அவனை அடி, இவனை வேவு பார்" என்று யாராவது சொன்னால், அது அவன் வேலையில்லை என்று அவனுக்குச் சொல்லிவையுங்கள். நாளைக்கு வழக்கு வந்தால், சொன்னவர் தப்பித்துவிடுவார். செய்தவன்தான் நிற்க வேண்டும்.

மற்றவர்களுக்கு, நாரிஸ் கேட்டதையே நம் பாஷையில் வரிசையாகச் சொல்கிறேன். எந்தப் பெரிய மனிதர் மலிவாக எதைத் தருகிறேன் என்று வந்தாலும் கேளுங்கள்.

1. விலை குறைப்பு எழுத்தில் இருக்கிறதா, மேடைப் பேச்சில் மட்டும் இருக்கிறதா?

2. பதிலுக்கு என்ன கேட்கிறார்? அது ஆறு, குளம், புறம்போக்கு மாதிரி பொதுச் சொத்தா? எத்தனை வருடத்துக்கு?

3. கணக்கை யார் பார்ப்பார்கள்? நாம் பார்க்க முடியுமா?

4. பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ள வழி இருக்கிறதா?

5. தகராறு வந்தால் விசாரிக்கப்போகிறவர் அவருடைய ஆளா, அரசாங்கத்தின் ஆளா?

6. நம் சங்கம், நம் உற்பத்தியாளர் குழு இதைப் பற்றி என்ன சொல்கிறது? அதைக் கெடுக்கிற மாதிரி பேச்சுக் கிளம்புகிறதா?

ஆறாவது கேள்வியை லேசாக எண்ணாதீர்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆரம்பிக்கிற ஊர்களில், முதல் வருடத்திலேயே 'அவன் அமுக்கிட்டான், இவன் சுருட்டிட்டான்' என்ற பேச்சு எங்கிருந்தோ வருவதை நானே பார்த்திருக்கிறேன். உண்மையா என்று பொதுக்குழுவில் கணக்கை வைத்துக் கேளுங்கள். டீக்கடைப் பேச்சை நம்பிச் சங்கத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "அப்ப டிராக்டரு நல்லதுதான். அதை வெச்சு ஓட்டுக் கேட்டாத்தான் யோசிக்கணும்கிறீங்க."

"யோசிச்சுட்டு, காகிதத்தையும் படிச்சுப் பாருங்க ஐயா" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே."

"பேத்தி பத்தாவது படிக்குதுன்னு சொன்னீங்களே. அதை விட்டு வாசிக்கச் சொல்லுங்க. ஒரு வரி விடாம."

சிரித்துக்கொண்டே டிராக்டரில் ஏறினார். மழை வருவதற்குள் கோடை உழவு முடிக்க வேண்டும் அவருக்கு.

இதுபோன்ற கேள்விகள் உங்களுக்கும் இருக்கும். பயிர், பூச்சி, உரம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்றில்லை. கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்; தெரிந்ததைச் சொல்கிறேன்.